நீளம் அகலம் அகலம்

காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வீட்டில் பூனை இல்லை
என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் தினமும் உள்ளே போவேன்.
கொழிஞ்சாம்பாறையில் ஏழே காலுக்குப் பஸ்.
கஞ்சிக்கோட்டில் இறங்கினால்
மலைத்தொடர் அடைக்க மறந்த இடத்தில் வருகிற காற்று
முதலில் என்னைச் சோதிக்கும்,
அப்புறம் வாட்ச்மேன்.

குளியல். தொப்பி. முகமூடி. இரண்டு ஜோடி கையுறை.
கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு;
இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது.

உள்ளே அறுபது கூண்டுகள்.
நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி போல
மயிரில்லாத, சுருங்கிய எலிகள்.
பகை எது என்று அதுகளின் ரத்தத்துக்குச் சொல்லித்தர
நெஞ்சுக்குள் ஒரு சுரப்பி இருக்க வேண்டும்.
பிறக்கும்போதே இல்லை.
மனுஷச் சதையைத் தோலுக்கடியில் வைத்தாலும்
சும்மா இருக்கும்.
டாக்டர் ஷைனி இதை ஏற்றுக்கொள்ளுதல் என்பார்.
வாளையாறு செக்போஸ்டில் ராத்திரி முழுக்க
ஆளில்லாமல் கட்டை தூக்கியே கிடந்தால்
அதை யாராவது வரவேற்பு என்பார்களா?

கூண்டு பதினேழு. இடது காதில் இரண்டு துளை.
அட்டையில்: நோயாளி 31, பெண், 46, கன்னம்.
புகையிலை அடக்கிய பக்கம் எது என்று
அட்டை கேட்பதில்லை.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
வியாழக்கிழமை கேட்டுக்கு வந்து
மகன் சொல்லிவிட்டான்.

மாராத்தாள். முதலமடை மாந்தோப்பில்
காய் தரம் பிரித்தவள். செத்துப் பத்து மாதம்.
"அம்மாவோடது இங்க இன்னும் இருக்குதாமே" என்றான் ரதீஷ்.
ஆபரேஷனுக்கு முன்னால் நீட்டிய தாள் மலையாளத்தில் இருந்ததாம்,
இவன் தமிழில் கையெழுத்துப் போட்டானாம்.
அதன் நகலை நாலாய் மடித்து
லைசென்ஸுக்குப் பின்னால் வைத்திருந்தான்.
பேச்சுக்கு நடுவே இரண்டு முறை தும்மினான்.
அறுபது கூண்டுக்கு ஒரு தும்மல் போதும் என்று
எங்கள் சுவரில் எழுதியிருக்கிறது.

உள்ளே விட முடியாதுங்க என்றேன்.
சரி என்றான். போகவில்லை.
"வலிக்குமா?"
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்:
"நல்லா வளருது."
சொன்ன பிறகுதான்
அது என் காதில் விழுந்தது.

போகும்போது ஒரு பை மாங்காய் கொடுத்தான்.
வாங்கக் கூடாது என்று விதியில் இல்லை.
மதியம் ஷிப்டில் இருந்த மூவரும் உப்பு தொட்டுத் தின்றோம்,
பல் கூசும்வரை.

பிறகு அளவு.
எலியின் பிடரியை இரண்டு விரலில் பிடித்து
காலிப்பரை முதுகில் வைக்க வேண்டும்.
இதயம் என் கட்டைவிரலில் அடித்துக்கொண்டே இருக்கும்,
அதை எழுதக் கட்டம் இல்லை.
நீளம் பதினாலு புள்ளி இரண்டு.
அகலம் பதினொன்று புள்ளி ஆறு.
இன்னொரு முறை அதே அகலம். பெருக்கிப் பாதி.
தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து.
ஆயிரத்தைந்நூறு ஆனால் எலியின் கணக்கு முடியும்;
ஒரு துண்டு மட்டும் அடுத்த எலிக்குப் போகும்.
இது ஏழாவது.

பதினேழுக்கு மருந்து கிடையாது, உப்புத் தண்ணீர்தான்.
மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய
பக்கத்தில் ஒன்று தன்பாட்டுக்கு வளர வேண்டுமாம்.

பதினெட்டுக்கு மருந்து.
அதிலும் இருப்பது மாராத்தாள்தான்,
அதே கன்னம், அதே ஏழாம் சுற்று.
போன மாதம் கோலிக்குண்டு.
இன்று காலிப்பர் வழுக்குகிறது,
கொள்ளுப் பருப்பளவு,
விரலால் தேடித்தான் பிடித்தேன்.

அதையும் அவனிடம் சொல்லியிருக்கலாம்.
உங்க அம்மாவுக்கு இங்க ஒரு கூண்டுல
குணமாயிட்டு வருதுங்க.

கேட்டிருப்பான், எப்போ என்று.

சாயங்காலப் பஸ்ஸில் ஜன்னலை மூட முடியவில்லை.
எட்டிமடைப் பக்கத்துக் காற்று,
லாரிப் புகை, கோழி லோடு நாற்றம்.
வீட்டுக்கு வருவதற்குள் மூக்கு அரித்தது.
நாளைக்கு லீவு சொல்ல வேண்டும்.
பதினேழையும் பதினெட்டையும்
பெயர் தெரியாத யாராவது அளப்பார்கள்.